பழைய மர எலிவேட்டருக்குப் புது வேலை: எதை முதலில், எதைக் கடைசியில்

கனடாவின் பிரேரி மாகாணங்களில், ரயில் பாதையோரம் 70, 80 அடி உயரத்துக்கு நிற்கும் மரத் தானிய எலிவேட்டரை (தானியத்தை மேலே ஏற்றிச் சேமித்து, ரயிலில் ஏற்றும் கட்டடம்) காப்பாற்ற ஓர் ஊர்க்குழு கூடினால், முதல் கூட்டத்திலேயே ஒருவர் காபிக் கடை என்பார். இன்னொருவர் பாறை ஏறும் பயிற்சிக்கூடம் என்பார். மூன்றாமவர் பெயிண்ட் விலை விசாரிக்கப் போய்விடுவார். சஸ்காட்சுவனில் நான் சேர்ந்த குழுவிலும் இதேதான். பெயிண்ட் அடித்தோம். அடுத்த வசந்தத்தில் கூரை வழியாக இறங்கிய நீர், அந்தப் பெயிண்டை உள்ளிருந்தே உரித்துத் தள்ளியது.

அப்புறம் பக்கத்து ஊர்க் குழுக்கள் இரண்டுக்குக் கைகொடுக்கப் போனேன். அங்கேயும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான். என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு கட்டிவிட்டு, கட்டடத்தை அதற்கு வளைக்கப் பார்க்கிறார்கள். வரிசை இதற்கு நேர் எதிர். நிலம், ஆள் பாதுகாப்பு, நீர், தூசி. இவை முடிந்த பிறகுதான் பயன்பாடு. வின்னிபெக், ரெஜைனா பக்கம் குடியேறி, ஊர்க் குழுக்களில் சேரும் தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஒரு சொல் விஷயம். தானியம் கொட்டிவைக்கும் அறையை ஆங்கிலத்தில் ‘பின்’ என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் முன்னா பின்னா என்று குழப்பம் வரும். நான் குதிர் என்றே எழுதுகிறேன். மற்றவற்றுக்கு அங்கே வழங்கும் பெயர்களே.

1. மண் யாருடையது என்று பாருங்கள்

எலிவேட்டரை வாங்குவது வேறு, அது நிற்கும் மண்ணை வாங்குவது வேறு. பெரும்பாலான எலிவேட்டர்கள் ரயில்வே கம்பெனி நிலத்தில் குத்தகைக்குக் கட்டப்பட்டவை. தானியக் கம்பெனி ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஒரு டாலர் கட்டடத்துக்கு மட்டும். குத்தகை முடிந்தால் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது உங்கள் பொறுப்பு.

அதனால் முதல் வேலை நிலப் பதிவேட்டில் தேடுவது. அதில் மூன்று விஷயம் பாருங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை எத்தனை வருடம், நிபந்தனை ஏதாவது பதிவாகியிருக்கிறதா. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘இங்கே இனித் தானிய வியாபாரம் கூடாது’ என்று பழைய உரிமையாளர் எழுதிவைத்திருக்கலாம். விவசாயிகளுக்குக் குதிர்களை வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், அந்த ஒரு வரியில் கணக்கு முடிந்துவிடும்.

மண்ணையும் சோதிக்க வேண்டும். ரயில் ஓரத்து மண்ணில் பல பத்தாண்டுக் களைக்கொல்லி, டீசல், தண்டவாளக் கட்டைகள் மக்காமல் இருக்கப் பூசும் கிரியோசோட் எண்ணெய் எல்லாம் இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்தால், சுத்தம் செய்யும் செலவும் சேர்ந்தே உங்கள் பெயருக்கு வரும்.

2. பூட்டு, காப்பீடு

பத்திரம் கைக்கு வந்த அன்றே பூட்டை மாற்றுங்கள். பழைய சாவி ஊரில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காலி மர எலிவேட்டருக்குக் காப்பீடு கிடைப்பது சிரமம். எனவே கட்டடத்துக்கான காப்பீட்டைத் தேடி மாதங்களைக் கழிக்காதீர்கள். உள்ளே வருகிறவருக்கு அடிபட்டால் ஈடு செய்யும் பொறுப்புக் காப்பீட்டை முதலில் எடுங்கள். ஊராட்சியின் காப்பீட்டுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். பல இடங்களில் அதுவே மலிவு.

3. உள்ளே கால் வைக்கும் முன்

புதியவர்கள் கையில் டார்ச்சோடு நேரே உள்ளே போகிறார்கள். போகாதீர்கள். முதலில் மின் இணைப்பைக் கம்பத்திலேயே துண்டிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒயர்களின் மேலுறையை எலிகள் தின்றிருக்கும்.

காலி என்று சொல்லப்படும் குதிர் பெரும்பாலும் காலியாக இருக்காது. அடியில் நாலு அடி உயரத்துக்குப் பழைய பார்லியோ கோதுமையோ கட்டியாக நிற்கும். அழுகும் தானியம் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடும். அந்த வாயு காற்றைவிடக் கனம், அடியிலேயே தேங்கும். மேல்தட்டு ஓடு போல உறைந்து, கீழே வெற்றிடமாகவும் இருக்கலாம். மிதித்தால் ஆள் உள்ளே போய்விடுவார். வாயு அளக்கும் கருவி, பாதுகாப்புக் கச்சையோடு கயிறு, வெளியே ஓர் ஆள். இந்த மூன்றும் இல்லாமல் எந்தக் குதிருக்குள்ளும் இறங்கக் கூடாது. தானியத்தை மேலே ஏற்றும் வாளிப் பட்டை ஓடும் செங்குத்துக் கூண்டுக்கு அடியிலுள்ள பூட் குழிக்கும் இதே விதிதான்.

அப்புறம் மேன்லிஃப்ட். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு மரப் பலகை, எதிர்ப்புறம் எடைக்கற்கள், நடுவில் கையால் இழுக்கும் கயிறு. இதுதான் அந்தக் காலத்து லிஃப்ட். எடைக்கற்களை அங்கே வேலை பார்த்த ஏஜென்ட்டின் உடம்பு எடைக்கு ஏற்றபடி வைத்திருப்பார்கள். எங்கள் குழுவுக்கு உதவ வந்த கல்லூரிப் பையன் ஒருவன், கிள்ளினால் சதை கிடைக்காத உடம்பு, விளையாட்டாக ஏறிப் பிரேக்கை விட்டான். பழைய ஏஜென்ட் நல்ல ஆகிருதி போலிருக்கிறது. பையன் பத்து அடிக்கு ராக்கெட் மாதிரி போனான். பிரேக் பிடித்ததால் தப்பித்தான். அன்று மாலையே எடைக்கற்களைக் கீழிறக்கி, பலகையை ஆணியடித்து நிறுத்தினோம். உங்கள் இடத்தில் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

தூசி படிந்திருக்கும்வரை வெல்டிங் வேண்டாம், கிரைண்டர் வேண்டாம். தானியத் தூசி காற்றில் கிளம்பி, மூடிய இடத்தில் ஒரு பொறி கிடைத்தால் வெடிக்கும். அலுவலகத்தையும் என்ஜின் அறையையும் எலிவேட்டரிலிருந்து தள்ளித் தனியாகக் கட்டியதற்குக் காரணம் அதுதான்.

4. கட்டடம் எப்படி நிற்கிறது என்று படியுங்கள்

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே குறையும்.

சாதாரண மர வீட்டில் செங்குத்துச் சட்டங்கள் நிற்கும், மேலே பலகை அடிப்பார்கள். எலிவேட்டர் அப்படியல்ல. 2 அங்குலத் தடிமன் பலகைகளைப் படுக்கை வசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆணியடித்து, மூலைகளில் கோத்துக்கொண்டே போயிருப்பார்கள். கிரிப் கட்டுமானம் என்று பெயர். கீழே 8 அங்குல அகலப் பலகை, மேலே போகப் போக 6, உச்சியில் 4. தானியத்தின் அழுத்தம் கீழே அதிகம் என்பதால் இந்தக் கணக்கு. 30,000 புஷல் கோதுமை என்றால் ஏறக்குறைய 816 மெட்ரிக் டன். ஒரு புஷல் 60 பவுண்டு, நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இதில் உள்ளே இருக்கும் குதிர்ச் சுவர்கள் வெறும் தடுப்புகள் அல்ல. அவைதான் கட்டடம். ஒவ்வொரு சுவரும் அடுத்த சுவரைப் பிடித்து நிறுத்துகிறது. ‘உள்ளே நாலு குதிர்களை எடுத்துவிட்டால் பெரிய ஹால் கிடைக்குமே’ என்று கேட்காத கட்டடக் கலைஞரை நான் இன்னும் பார்க்கவில்லை. எடுத்தால் ஹால் கிடைக்கும், எலிவேட்டர் இருக்காது. ஜன்னல் வைப்பதும் அப்படித்தான். நாலடி உயர ஜன்னலுக்கு 24 பலகை அடுக்குகளை வெட்ட வேண்டும். இரண்டு பக்கமும் அறுந்த முனைகளைப் புதுச் சட்டத்தோடு இணைக்காமல் விட்டால், சுவர் அந்த இடத்தில் பிதுங்கத் தொடங்கும்.

அனெக்ஸ் என்ற பக்கக் கட்டடம் வேறு இனமாக இருக்கலாம். சிலவற்றில் செங்குத்துச் சட்டங்களும், சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகளும் இருக்கும். தலையில் இடிக்கிறது என்று அந்தக் கம்பியை அறுத்தவர்கள் இருக்கிறார்கள். கம்பியில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். அறுக்காதீர்கள்.

பொறியாளரை அழைக்கும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். உச்சியிலிருக்கும் சின்ன அறையான குப்போலாவிலிருந்து மேன்லிஃப்ட் கூண்டு வழியாக ஒரு தூக்குக்குண்டு நூலை இறக்குங்கள். அத்தனை உயரத்துக்கு நூல் ஆடிக்கொண்டே இருக்கும். கீழே ஒரு வாளியில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றி, குண்டை அதற்குள் தொங்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். காற்றில்லாத விடியற்காலையில் செய்ய வேண்டும். நூல் நிற்கும் இடத்தைத் தரைப் பலகையில் பென்சிலால் குறித்து, தேதி போடுங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். கட்டடம் சாய்ந்திருப்பது பெரிய பிரச்சினை இல்லை. பல எலிவேட்டர்கள் சாய்ந்தபடியே பல பத்தாண்டு நிற்கின்றன. சாய்ந்துகொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. ஆறு குறிகளோடு போனால் பொறியாளர் உங்களை மதித்துப் பேசுவார்.

அடிமட்ட உத்தரங்களைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஓர் அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் அங்கே மரம் போய்விட்டது.

5. மேலிருந்து வரும் நீர், கீழிருந்து வரும் நீர்

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் கூரையில் போடுங்கள். குப்போலா கூரை முதலில், அடுத்து பிரதானக் கூரை, கடைசியில் வண்டிகள் நுழையும் டிரைவ்வேயின் கூரை. மேலே ஒழுகினால் நீர் குதிர்ச் சுவர் வழியாக முழு உயரத்துக்கும் இறங்கும். படுக்கையாக அடுக்கிய பலகைகளுக்கு இடையில் புகுந்த நீர் காயாது. குப்போலா சுவரும் கீழ்க் கூரையும் சேரும் மூலையில் தகடு துருப்பிடித்திருக்கும். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான்.

கீழே பூட் குழி. பனி உருகும் ஏப்ரலில் அது கிணறாகிவிடும். பம்பு வைத்து இறைத்தால் போதும் என்று நினைப்பார்கள். இறைத்த நீர் சுற்றி வந்து மறுபடி குழிக்கே போகும். முதலில் வெளியே மண்ணைச் சரித்து, நீர் கட்டடத்தை விட்டு ஓடும்படி செய்யுங்கள். பம்பு அதற்குப் பிறகு.

ஓட்டை இருக்கிறதே என்று சுவரைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றாதீர்கள். மரத்துக்குக் காற்று வேண்டும். குப்போலா ஜன்னல்களையும் பலகையால் அடைத்துவிடாமல், மழை விழாத சாய்பட்டைகளும் உள்ளே கம்பி வலையும் போடுங்கள்.

6. புறாவும் எலியும்

கூரைக்குப் பிறகுதான் சுத்தம். இல்லாவிட்டால் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

வலை அடிக்கும் முன் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். புறாவை வெளியேற்றலாம். ஆனால் கொட்டகைத் தகைவிலான்கள் கூடு கட்டி முட்டையிட்டிருந்தால், வலசைப் பறவைகள் சட்டப்படி கலைக்கக் கூடாது. அதனால் இந்த வேலையை வசந்தத்துக்கு முன்போ, குஞ்சுகள் பறந்து போன இலையுதிர் காலத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. புறா எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கும். மேற்குக் கனடாவின் மான் எலிகள் ஹாண்டா வைரஸைப் பரப்புகின்றன, அது தூசியோடு மூச்சில் போகும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஊறவிட்டு, ஈரமாகவே அள்ளிப் பையில் கட்டுங்கள். துணி முகமூடி போதாது, வடிகட்டி பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். வேலையை உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். எங்கள் ஆட்கள் கீழ்த்தளத்தை ஒரு சனிக்கிழமை முழுக்கக் கழுவினார்கள். அடுத்த சனிக்கிழமை மேலே சுரண்டியதெல்லாம் அங்கேயே வந்து விழுந்தது.

7. இப்போது பயன்பாட்டைப் பேசலாம்

கூட்டங்களில் யாராவது கைப்பேசியில் ஒரு படம் காட்டுவார்கள். ஒஹாயோவின் ஆக்ரனில் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியின் 36 குதிர்கள் ஒரு காலத்தில் ஹோட்டலாக மாறிய படம், அல்லது இல்லினாயின் புளூமிங்டனில் குதிருக்குள் பாறை ஏறும் கூடம். இரண்டும் கான்கிரீட். மரத்துக்கும் அதற்கும் தீ விதியிலிருந்து சுமைக் கணக்கு வரை எதுவும் பொருந்தாது. படத்தைப் பார்த்து ரசியுங்கள், திட்டம் போடாதீர்கள்.

கட்டடத்தை எவ்வளவு குறைவாகத் தொடுகிறீர்களோ, அவ்வளவு நாள் திட்டம் உயிரோடிருக்கும் என்பது என் கணிப்பு. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மிகக் குறைவாகத் தொடுவது, ஆண்டெனா. தட்டையான நிலத்தில் ஊரிலேயே உயரமான இடம் உங்களுடையது. கிராமப்புற வயர்லெஸ் இணையக் கம்பெனிகள் இப்படிப்பட்ட உயரத்தைத்தான் தேடுகின்றன. மாத வாடகை கூரைச் செலவுக்கு ஆகும். ஒப்பந்தத்தில் இடிதாங்கி இணைப்பும், மேலே ஏறும் ஆளின் பாதுகாப்பும் அவர்கள் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள்.

அடுத்தது இயந்திரங்களை அப்படியே வைத்து, கோடையில் மட்டும் சுற்றிக்காட்டுவது. ஆல்பர்ட்டாவின் செயின்ட் ஆல்பர்ட்டில் 1906, 1929 என இரண்டு காலத்து எலிவேட்டர்கள் இப்படி நிற்கின்றன. மனிடோபாவின் இங்லிஸில் ஐந்து எலிவேட்டர்கள் ஒரே வரிசையில் தேசிய வரலாற்றுத் தலமாக இருக்கின்றன. சஸ்காட்சுவனின் ஹெப்பர்னில் கோதுமை அருங்காட்சியகமே எலிவேட்டருக்குள்தான். வருமானம் குறைவு. ஆனால் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, டிரைவ்வே. லாரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி இரண்டு முனையிலும் பெரிய கதவுகள் இருக்கும். பொதுமக்கள் கூடும் இடத்துக்கு இரண்டு வெளியேறும் வழி வேண்டும் என்று ஆய்வாளர் கேட்பார். டிரைவ்வேயில் அது கட்டும்போதே இருக்கிறது. காய்கறிச் சந்தை, கைவினைக் கடை, சின்னக் கச்சேரி எல்லாவற்றுக்கும் சரி. தானியம் கொட்டும் கிராதியை மட்டும் உறுதியான பலகையால் மூடுங்கள். எங்கள் முதல் சந்தையில் ஒரு பாட்டியின் ஊன்றுகோல் அதில் இறங்கிவிட்டது.

மறுபடி தானியமே வைப்பது நான்காவது. நிபந்தனை தடுக்காவிட்டால், பக்கத்து விவசாயிக்கு விடுவது கௌரவக் குறைச்சல் இல்லை. இன்றும் நிற்கும் எலிவேட்டர்களில் சில அப்படித்தான் பிழைத்தன. ஆனால் வருடக் கணக்காகக் காலியாகக் கிடந்த குதிர்களை ஒரே நாளில் நிரப்பாதீர்கள். பொறியாளர் சொல்லும் அளவுக்கு, படிப்படியாக.

மக்களை மேலே ஏற்றுவது கடைசி. ஆல்பர்ட்டாவின் பாரடைஸ் வேலியில் எலிவேட்டருக்குள் சாய்தளம் அமைத்து, ஏறிக்கொண்டே காட்சிகளைப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். செய்ய முடியாதது அல்ல. ஆனால் மேல்தளத்துக்கு இரண்டாவது வழி, புகை, தீ, கைப்பிடி என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

எதைத் தேர்ந்தாலும், வரைபடக்காரருக்குக் காசு கொடுக்கும் முன், கையால் கிறுக்கிய ஒரு தாளோடு கட்டட ஆய்வாளரைப் பாருங்கள். கிடங்காக இருந்ததைப் பொதுமக்கள் கூடும் இடமாக மாற்றுவது கட்டட விதிகளில் வகை மாற்றம். அவர் ‘முடியாது’ என்று சொல்லும் விஷயத்தை இலவசமாகவே கேட்டுக்கொள்ளலாம்.

சூடாக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மைனஸ் 40 டிகிரியில் முழு எலிவேட்டரையும் சூடாக்கும் ஹீட்டரும் இல்லை, பணமும் இல்லை. அலுவலக அறையை மட்டும் சூடாக்குங்கள். மற்றதெல்லாம் மே முதல் அக்டோபர் வரை.

8. தீ

சஸ்காட்சுவனின் ஃபிளெமிங்கில் 1895இல் கட்டிய எலிவேட்டர், பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே 2010 பிப்ரவரியில் எரிந்துபோனது. பிடித்தால் அணைக்க முடியாது, அத்தனையும் காய்ந்த மரம். எனவே பிடிக்காமல் பார்ப்பதுதான் வேலை. சுற்றிப் புல்லை வெட்டுங்கள், இடிதாங்கியைச் சோதியுங்கள், இரவில் தானாக எரியும் ஒரு விளக்கை வெளியே போடுங்கள். ஊர்த் தீயணைப்புக் குழுவை ஒரு மாலை அழைத்து உள்ளே சுற்றிக்காட்டுங்கள்.

9. பணம்

பாரம்பரியச் சொத்தாக ஊராட்சி அறிவித்தால், மாகாண மானியங்களுக்கு விண்ணப்பிக்க வழி கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் ஒரு கதவைக்கூட மாற்ற முடியாது. அதனால் 7ஆம் படி முடிந்த பிறகே அறிவிப்புக்குப் போங்கள். மானியம் ஒருமுறை வரும், கூரை அடிக்கடி ஒழுகும். ஆல்பர்ட்டாவின் ரௌலி என்ற குட்டி ஊர், மாதம் ஓர் இரவு பீட்சா விற்றே தன் பழைய கட்டடங்களைக் காத்துவந்தது. விண்ணப்பம் எழுதுவதைவிட அது எனக்கு நம்பிக்கையான வழியாகத் தெரிகிறது.

10. கழற்றுவது என்று முடிவானால்

உத்தரங்கள் அழுகி, தூக்குக்குண்டின் குறி மாதாமாதம் நகர்ந்துகொண்டே இருந்தால் வீம்பு பிடிக்காதீர்கள். மரத்துக்கு வேறு வாழ்க்கை உண்டு. புல்டோசரால் இடித்துத் தள்ளினால் பாதிப் பலகை உடைந்துபோகும். உச்சியிலிருந்து அடுக்கடுக்காகப் பிரிக்கும் ஆட்களைத் தேடுங்கள்.

வெளிப்பலகையின் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதைத் தனியாக வையுங்கள். உள்ளே குதிர்ப் பலகைக்குப் பெயிண்ட் கிடையாது. அதுதான் பொன். பல வருடம் தானியம் வழிந்து வழிந்து, மிருதுவான நார் தேய்ந்து, கடினமான வரிகள் மட்டும் புடைத்து நிற்கும். தடவினால் நனைந்து காய்ந்த ஆற்று மணல் போல அலையலையாக இருக்கும். மேசை, சுவர்ப் பலகை செய்கிறவர்கள் இதற்குத்தான் விலை தருகிறார்கள். வழுவழுப்பாக இருக்கட்டும் என்று இழைப்பு இயந்திரத்தில் விட்டால், சாதாரணப் பலகையாகிவிடும். நெருக்க நெருக்கமாக ஆணி வேறு. மெட்டல் டிடெக்டரால் இரண்டு முறை தடவிப் பாருங்கள், ஒரு முறை போதாது. ஆணி பிடுங்கும் கூலிதான் இதில் பெரிய செலவு, விலை பேசும்போது மறந்துவிடாதீர்கள்.

பிரிக்கத் தொடங்கும் முன் டிரைவ்வே சுவரையும் அலுவலகச் சுவரையும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஏஜென்ட்டுகள் பென்சிலால் கணக்குப் போட்டிருப்பார்கள். லாரி எடை, ரயில் பெட்டி எண், முதல் பனி விழுந்த தேதி. ஒவ்வொரு பலகையையும் படம் எடுத்து, பின்புறம் எண் போட்டு, தனியாக அடுக்குங்கள். நாங்கள் உதவப் போன இடத்தில், அப்படிப்பட்ட பலகைகள் மற்றவற்றோடு கலந்து ஒரு லாரியில் ஏறிவிட்டன. எங்கே போயின என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.